ரூஃபஸா, வென்டாயா: பூட்டபிள் பென் டிரைவுக்கு எது?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே பேச்சுதான்: பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு ஏற்றுவதா, உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸைப் போட்டுவிடுவதா? எதைப் போட்டாலும் முதல் வேலை ஒரு பென் டிரைவைப் பூட்டபிள் ஆக்குவதுதான், அதாவது கணினி அதிலிருந்தே எழும்படி செய்வதுதான். சொந்தக்காரர், நண்பர் என்று பலருடைய கணினிகளையும் பார்த்துக் கொடுக்கிற ஆள் நான். அதற்கான கருவிகளான ரூஃபஸ், வென்டாய் இரண்டையும் புழங்கிவிட்டு வென்டாய் பக்கம் வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டும் இலவசம். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். முதல் தடவை இரண்டுமே பென் டிரைவில் இருப்பதை அழித்துவிடும், ஆகவே உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் பொதுவாகப் பேச ஒன்றுமில்லை.

ரூஃபஸ் 2011-இலிருந்து இருக்கிறது. சின்ன மென்பொருள்; இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். ஒரு ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவ வேண்டியது முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) காட்டி ஸ்டார்ட் அழுத்தினால் போதும். விண்டோஸ் போடுவதற்கு மட்டும் என்றால் இதைவிட நேர்த்தியான கருவியை நான் பார்க்கவில்லை. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் ஃபைல் இப்போதெல்லாம் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் அவ்வளவு பெரிய ஃபைலை வைக்க முடியாது. ரூஃபஸ் பென் டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, கணினியை எழுப்பும் யுஇஎஃப்ஐ அதைப் படிப்பதற்கான டிரைவரை ஒரு குட்டிப் பார்ட்டிஷனில் தானே வைத்துவிடுகிறது. அப்புறம் அந்தக் கேள்விப் பெட்டி: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் செய்யவிடும் காவல்) கட்டாயத்தை எடுத்துவிடலாமா? மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் லோக்கல் அக்கவுன்ட் போதுமா? டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் தானாக ஆன் ஆவதைத் தடுக்கலாமா? டிக் போட்டால் முடிந்தது. வென்டாயும் விண்டோஸ் 11-இன் சோதனையைத் தாண்டவைக்கும்தான், ஆனால் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்காது. பிட்லாக்கர் போன்ற மாற்றங்களுக்கு நாமே ஆன்சர் ஃபைல் (நிறுவலின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய ஃபைல்) எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 24எச்2 பதிப்பு முதல், எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத மிகப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. அங்கே எந்தக் கருவியாலும் பலனில்லை. அந்த மெஷினுக்கு லினக்ஸ்தான் வழி.

இப்போது வென்டாய். 2020-இல் வந்தது. இது ஐஎஸ்ஓவைப் பிரித்து எழுதுவதே இல்லை. பென் டிரைவை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிக்கிறது: கிட்டத்தட்ட முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும் எக்ஸ்ஃபேட் பகுதி ஒன்று, கடைசியில் பூட் செய்வதற்கான 32 எம்பி பகுதி ஒன்று. பெரிய பகுதியில் ஐஎஸ்ஓ ஃபைல்களை சினிமா காப்பி செய்வதுபோலக் காப்பி செய்துவிடலாம். கணினியை அதிலிருந்து எழுப்பினால் ஒரு மெனு வரும்; விண்டோஸ் 11, மின்ட், டெபியன், டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஸில்லா, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்று உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டியதுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த மெனுவின் அழகு இல்லை, பராமரிப்பு. பூட்டபிள் பென் டிரைவை ஒரு தடவை செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அப்படி இல்லை. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிதாக வருகிறது. விண்டோஸ் 11-க்கு ஆண்டுக்கொரு பதிப்பு: 23எச்2, 24எச்2, 25எச்2. பழைய ஐஎஸ்ஓவை வைத்துப் போட்டால், போட்ட பிறகு அப்டேட் இறங்குவதற்கே பாதி நாள் போய்விடும். வைஃபை டிரைவரே இல்லாமல் முழிக்க வேண்டியும் வரலாம். ரூஃபஸில் இதைச் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் பென் டிரைவை அழித்து மறுபடி எழுத வேண்டும். அதைத் தள்ளிப்போடுவோம், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு டிராயரில் கிடப்பது என்ன பதிப்பு என்றே தெரியாமல் போகும். வென்டாயில் பழைய ஃபைலை டெலீட் செய்து புதியதை ஒட்டினால் சரி. மற்ற ஐஎஸ்ஓக்கள் அப்படியே இருக்கும். வென்டாயைப் புதுப்பிக்கும்போதும் அப்டேட் பட்டனை அழுத்தினால் அந்தச் சின்னப் பகுதி மட்டும்தான் மாறும். ஃபைல் பெயரிலேயே பதிப்பு தெரிவதால், எது பழையது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ரிப்பேர் வேலையில் இது இன்னும் பெரிய விஷயம். பூட் ஆகாத ஒரு லேப்டாப் கைக்கு வரும்போது என்ன கோளாறு என்று முன்கூட்டியே தெரியாது. நான் செய்யும் வரிசை இது. முதலில் மெம்டெஸ்ட், ரேம் கெட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண் வேலை. அடுத்து மின்ட்டை லைவாக (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே) எழுப்பி, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து, உரியவரின் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்பேன். அந்த நகலை வென்டாய் பென் டிரைவிலேயே போட நினைக்காதீர்கள். லைவ் லினக்ஸ் ஓடும்போது அந்தப் பார்ட்டிஷனை நேரடியாக மவுன்ட் செய்ய (திறந்து பயன்படுத்த) விடாது. அப்புறம்தான் விண்டோஸ் ஐஎஸ்ஓ. அதன் நிறுவல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். வழக்கமான சி டிரைவ் டி ஆகக்கூட நிற்கலாம். டிஸ்க்பார்ட் என்ற கமாண்டில் உறுதி செய்துகொண்டு, பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கமாண்ட் ஓட்டினால் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். பல நேரம் ஃபார்மட் வரை போகவே தேவையிருக்காது. மூன்று ஐஎஸ்ஓ, ஒரே பென் டிரைவ். ரூஃபஸோடு போனால் மூன்று பென் டிரைவ் வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் ஒழுங்காக ஓடும் ஒரு விண்டோஸ் கணினி வேண்டும், ஏனென்றால் ரூஃபஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வென்டாயை லினக்ஸிலிருந்தும் நிறுவலாம்.

வென்டாய் இடறும் இடம் செக்யூர் பூட். அது ஆனில் இருக்கும் கணினியில் முதல் தடவை வென்டாயைச் செருகினால், சரிபார்ப்பு தோற்றுவிட்டது என்று ஒரு திரை வரும். பயப்பட வேண்டாம். ஓகே கொடுத்து, டிஸ்க்கிலிருந்து கீயைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய், வென்டாயின் சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும் சான்றிதழ் ஃபைலைக் காட்டி, ரீபூட் செய்ய வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு தடவை போதும். ஆனால் அடுத்தவர் கணினியில், அதுவும் அலுவலக லேப்டாப்பில், இப்படி ஒரு கீயைச் சேர்ப்பது சரியா என்று யோசிக்கத்தான் வேண்டும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்வது இன்னும் மோசமான குறுக்குவழி: பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் பயாஸுக்குள் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று நம்பிக்கை பற்றியது. வென்டாயின் சோர்ஸ் களஞ்சியத்தில் ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட பைனரி ஃபைல்கள் (உள்ளே என்ன இருக்கிறது என்று எளிதில் படித்துப் பார்க்க முடியாதவை) இருப்பது பற்றிப் பலர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். 2024-இல் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ரகசியப் பின்கதவு வைத்திருந்தது அம்பலமான பிறகு அந்தக் கேள்வி வலுத்தது. அதை வரி வரியாகத் தணிக்கை செய்யும் திறமை எனக்கில்லை. வீட்டுக் கணினிகளுக்கு நான் தயங்குவதில்லை. கணக்கு வழக்கு, நோயாளிகளின் விவரம் இருக்கும் மெஷின் என்றால், மைக்ரோசாஃப்ட் தருகிற மீடியா கிரியேஷன் டூலிலேயே தனியாக ஒரு பென் டிரைவ் செய்துகொள்வேன். அதற்கு 8 ஜிபி போதும்.

எட்சர் என்ற இன்னொரு கருவி பற்றிக் கேட்பவர்களும் உண்டு. லினக்ஸ் ஐஎஸ்ஓவை அப்படியே எழுத நல்ல கருவி. எழுதிய பிறகு சரிபார்க்கவும் செய்யும். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு அது ஆகாது.

வென்டாய்க்குப் பென் டிரைவ் வாங்கும்போது 64 ஜிபி, யுஎஸ்பி 3.0 பாருங்கள். ஒரு விண்டோஸ் ஐஎஸ்ஓவே 5 ஜிபிக்கு மேல் வரும். காப்பி செய்ததும் பிடுங்காமல், இஜெக்ட் கொடுத்து எடுங்கள். பாதி எழுதப்பட்ட ஐஎஸ்ஓவும் மெனுவில் ஒழுங்கானதுபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் மெனுவிலேயே செக்சம் (ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று ஒப்பிட உதவும் குறியீடு) பார்க்கும் வசதி இருக்கிறது. ஆப்பிள் மெஷின்களில் இதைப் புழங்கிய அனுபவம் எனக்கில்லை, ஆகவே நான் சொன்னதெல்லாம் சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும். தொலைவில் இருக்கும் ஒருவர் தன் ஒரே லேப்டாப்பில் விண்டோஸை மட்டும் புதிதாகப் போடப் போகிறார் என்றால், போனில் அவருக்கு இன்றும் ரூஃபஸைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.