பேங்க் ராக்யாட்டில் பதினேழு ஆண்டுகள்: ஒரு சம்பளக்காரனின் கணக்கு

2014ஆம் ஆண்டில் ஒரு காலைப் பொழுதில், மலேசியாவின் பேங்க் ராக்யாட் வங்கிக் கிளையொன்றின் மேசைக்கு முன்னால் அமர்ந்து, நான் சில நிமிடங்கள் செம்பனை எண்ணெய் வணிகனாக இருந்தேன். வங்கி எனக்காக எண்ணெயை வாங்கி, அதை இலாபம் சேர்த்த விலைக்குத் தவணை முறையில் எனக்கு விற்றது; நான் வங்கியையே முகவராக நியமித்து அதே எண்ணெயை வேறொருவருக்கு ரொக்கத்திற்கு விற்கச் சொன்னேன்; அந்த ரொக்கம் என் சேமிப்புக் கணக்கில் விழுந்தது. என் தந்தை முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் நீண்ட கழியின் முனையில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டியவர். அவர் வாழ்நாளெல்லாம் வெட்டியும் ஒரு சொட்டு எண்ணெயைக்கூடத் தம் பெயரில் விற்றதில்லை. நான் கையெழுத்துப் போட்டே விற்றுவிட்டேன்.

இந்த ஒப்பந்தத்திற்குத் தவர்ருக் என்று பெயர். வட்டி கூடாது என்னும் இஸ்லாமிய நெறிக்கு உட்பட்டு, தனிநபருக்கு ரொக்கப் பணம் கிடைக்க வழி செய்யும் முறை இது. மலேசியப் பங்குச் சந்தை இதற்கென்றே 2009இல் பூர்சா சூக் அல்-சிலா என்ற பண்ட வணிகத் தளத்தைத் தொடங்கியது. செம்பனை எண்ணெய் அதன் முதன்மைப் பண்டம். ஆனால் என் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியனான நான் 2007இல், வீட்டின் பின்புறக் கூரையை மாற்றவும் தங்கையின் திருமணச் செலவுக்காகவும் 40,000 ரிங்கிட் தேவைப்பட்டபோது, பேங்க் ராக்யாட்டில் முதன்முதலாக நிதி பெற்றேன். இஸ்லாமிய வங்கியில் இந்துவான எனக்கு என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டனர். அந்தக் கேள்வியைக் கிளையில் யாரும் கேட்கவில்லை; அவர்கள் கேட்டது மூன்று மாதச் சம்பளச் சீட்டும் பணி உறுதிக் கடிதமும்தான்.

இந்த வங்கியைப் பலரும் வணிக வங்கி என்றே எண்ணுகின்றனர். சட்டப்படி அது ஒரு கூட்டுறவு வங்கி. 1948ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் 1954 செப்டம்பரில் பேங்க் அகோங் என்ற பெயரில் அது தோன்றியபோது, அதன் உறுப்பினர்கள் கூட்டுறவுச் சங்கங்களே. 1967இல் பெயர் மாறியதோடு தனிநபர்களுக்கும் உறுப்பியம் திறந்துவிடப்பட்டது; 1973இல் இன்றைய பெயரான பேங்க் கெர்ஜாசாமா ராக்யாட் மலேசியா வந்தது. அதே எழுபதுகளில்தான் அது ஏறத்தாழ மூழ்கவும் செய்தது. 1975இல் கோலாலம்பூரில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதிய குத்துச்சண்டைக்குப் பணம் திரட்டிய விவகாரத்தில் இவ்வங்கியின் பத்திரங்கள் இழுக்கப்பட்டு, சிலாங்கூர் மாநிலத்தின் மந்திரி புசாராக, அதாவது முதலமைச்சராக இருந்த ஹருன் இட்ரிஸ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். 1978இல் நாடாளுமன்றம் இந்த வங்கிக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இஸ்லாமிய வங்கி முறை இங்கே நுழைந்தது 1993இல்தான். நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாம் 1983இல் பிறந்து பத்தாண்டுகள் கழித்து. அடுத்த பத்தாண்டுக்குள் மொத்த வங்கியும் ஷரியா நெறிக்கு மாறிவிட்டது.

தொழிலாளிகளின் சிறு சேமிப்பைக் கூட்டுறவாகத் திரட்டுவது தமிழர்களுக்குப் புதிதன்று. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து ரிங்கிட் செலுத்தியவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். இன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளைத் தாண்டி நடந்தால், பேங்க் ராக்யாட்டின் இரட்டைக் கோபுரத் தலைமையகம் அருகிலேயே நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பாட்டனாரின் சந்தாப் புத்தகம் நினைவுக்கு வருகிறது.

இனி நிதித் திட்டத்திற்கு வருகிறேன். 2007இல் நான் செய்துகொண்டது பை அல்-இனா என்ற பழைய முறை: வங்கி ஒரு சொத்தைத் தவணைக்கு எனக்கு விற்று, உடனே குறைந்த விலைக்கு ரொக்கத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும். மத்தியக் கிழக்கு அறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்காததால், நாளடைவில் தவர்ருக் அதன் இடத்தைப் பிடித்தது. சமய நுணுக்கம் எனக்கு அப்பாற்பட்டது. வழக்கமான வட்டிக் கடனோடு ஒப்பிட்டு, வாடிக்கையாளனாக நான் கண்ட வேறுபாடு ஒன்றே ஒன்று: விற்பனை விலை ஒப்பந்தத்தின் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது, அதற்கு மேல் ஒரு சென்னும் ஏறாது. தவணை தவறினாலும் வட்டிக்கு வட்டி ஏறுவதில்லை. தவணைக் காலத்துக்குள் நிலுவையின் மீது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்னும் இழப்பீட்டோடு நின்றுவிடுகிறது.

ஆனால் இதை மலிவு என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். விளம்பரத்தில் ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான இலாபம் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 10,000 ரிங்கிட்டுக்குப் பத்தாண்டுகளில் 4,000 ரிங்கிட் இலாபம். மாதத் தவணை 116 ரிங்கிட் 67 சென். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, இலாபமோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுவதால், உண்மையான ஆண்டு விகிதம் 7 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது கையெழுத்திட்டு ஈராண்டு கழித்து, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பித்துக்கொண்டிருந்தபோது. இதில் எவரையும் குறை சொல்ல இடமில்லை. மொத்த விலை ஒப்பந்தத்தில் தெளிவாகவே அச்சாகியிருந்தது, நான்தான் மாதத் தவணையை மட்டும் பார்த்திருந்தேன்.

முன்கூட்டியே கட்டி முடித்தால், இன்னும் வந்து சேராத இலாபத்தை வங்கி விட்டுக்கொடுக்கிறது. இதற்கு இப்ரா என்று பெயர். முன்பு இது வங்கியின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2011 முதல் இக்கழிவை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்துவிட்டது. முதல் நிதியை 2014இலும் இரண்டாவதை 2021இலும் நான் அப்படித்தான் முடித்தேன். முதலாவதன் தவணைக் காலம் பதினைந்து ஆண்டுகள். இரண்டாவதற்குப் பத்தாண்டுகளே கிடைத்தன, ஏனெனில் 2013 ஜூலையில் பேங்க் நெகாரா தனிநபர் நிதிக்குப் பத்தாண்டு உச்ச வரம்பு விதித்தது. அப்போது ஆசிரியர் அறையில் எல்லாரும் முணுமுணுத்தோம். இருபத்தைந்து ஆண்டுத் தவணையில் திருமணக் கடன் எடுத்து, பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வரை கட்டிக்கொண்டிருந்த ஒரு சக ஆசிரியரைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரம்பு சரியானது என்றே இப்போது எண்ணுகிறேன்.

அரசு ஊழியர்களை இந்த வங்கி இவ்வளவு விரும்பி ஏற்பதன் இரகசியம் சம்பளப் பிடித்தம். 1971இல் உருவான அங்காசா என்னும் தேசியக் கூட்டுறவு அமைப்பின் பிடித்த முறை வழியாக, சம்பளம் நம் கைக்கு வரும் முன்பே தவணை போய்விடுகிறது. மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. கட்ட மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் ஒழுங்கு தானாக வருகிறது. அதே வேளையில், 60 விழுக்காடு வரை போகலாம் என்பதை 60 விழுக்காடு வரை போகவேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருந்தார்கள். மாதம் இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வந்து, இருபத்தெட்டாம் தேதி உணவகத்தில் கடன் சொல்வார்கள்.

எனக்கு ஏற்பட்ட சங்கடம் கடனை முடித்த பிறகு வந்தது. 2021இல் முழுத் தொகையையும் கட்டி, விடுவிப்புக் கடிதத்தையும் வாங்கிவிட்டேன். ஆனால் என் சம்பளத்தைக் கவனித்த அலுவலகம் பிடித்தத்தை நிறுத்த இரண்டு மாதங்கள் எடுத்துக்கொண்டது. கூடுதலாகப் போன தவணைகள் திரும்ப வர மேலும் ஏழு வாரங்கள் ஆயின. நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன், ஒரு முறை விடுப்பு எடுத்து நேரில் போனேன். கடனை முடிப்பவர்கள் விடுவிப்புக் கடிதத்தின் நகலை அன்றே சம்பளப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நம்மவர்கள் அதிகம் அறியாத, ஆனால் அறிந்திருக்க வேண்டிய சேவை அர்-ரஹ்னு என்னும் இஸ்லாமிய நகை அடகு. இவ்வங்கி 1993இல் யாப்பேம் அறநிறுவனத்தோடு சேர்ந்து அதைத் தொடங்கியது. என் மனைவியின் இரண்டு வளையல்களையும் ஒரு முறுக்குச் சங்கிலியையும் கொண்டுபோனபோது, ஊழியர் ஒவ்வொன்றையும் எங்கள் கண்ணெதிரிலேயே உரசிப் பார்த்து, எடையைத் திரையில் காட்டி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மீது மனைவியைக் கையெழுத்திடச் சொன்னார். இங்கே வட்டி இல்லை, எங்களிடம் வாங்கியது பாதுகாப்புக் கூலி மட்டுமே. அடகுக் கடைகள் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். எங்களுக்குப் பாதுகாப்புக் கூலி கடன் தொகைக்கு அன்றி நகையின் மதிப்புக்குக் கணக்கிடப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 10,000 ரிங்கிட் மதிப்புள்ள நகைக்கு 6,500 ரிங்கிட் பெற்று, நூறு ரிங்கிட் மதிப்புக்கு 75 சென் கூலி என்று கொண்டால், மாதம் 75 ரிங்கிட். அடகுக் கடையில் அதே தொகைக்கு 130 ரிங்கிட் வரை ஆகும். ஆனால் குறைந்த பணம் போதும் என்று 2,000 ரிங்கிட் மட்டும் வாங்கினாலும் கூலி அதே 75தான். அப்போது அடகுக் கடையே மலிவு. எனவே தேவைக்கு ஏற்ற அளவு நகையை மட்டும் வைக்க வேண்டும். மீட்க முடியாமல் ஏலம் போனால், கடனும் கூலியும் போக மீதித் தொகை நமக்கே திரும்புகிறது.

உறுப்பினராகப் பங்கு வாங்கியவர்களுக்குப் பல ஆண்டுகள் இரட்டை இலக்க ஈவுத்தொகை கிடைத்திருக்கிறது. நானும் சிறிதளவு வைத்திருக்கிறேன். ஆனால் பங்கு வேறு, சேமிப்பு வேறு. தவிர, வணிக வங்கிகளின் வைப்புத்தொகைக்கு இருக்கும், மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் தரும் காப்புறுதி இந்த வங்கிக்குப் பொருந்தாது, ஏனெனில் இது மேம்பாட்டு நிதி நிறுவனங்களுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. அதனால் என் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் இங்கே வைக்கவில்லை.

இப்போது எனக்குப் பிடித்தம் எதுவும் இல்லை. வளையல்கள் மீண்டு வந்துவிட்டன. சங்கிலி மட்டும் இன்னும் அந்த ஒட்டிய உறையில் இருக்கிறது. தவணை நாள் அடுத்த மாதம்.