தப்பிய மேரியும் தங்கிய மேரியும்

திருட்டுக் குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட மேரி பிரையண்ட், மேரி ரீபி ஆகிய இருவருக்கும் தண்டனை ஏழாண்டுகள்தான்.

பட்டுத் தொப்பி ஒன்றை வழிப்பறி செய்ததற்காக 1786-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1788-இல் கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் தொகுதியோடு வந்திறங்கிய பிரையண்ட், உணவுப் பங்கீடு சுருங்கிக்கொண்டே போன குடியேற்றத்தில் காத்திருக்க விரும்பவில்லை. 1791 மார்ச்சில் கணவர், இரு குழந்தைகள், ஏழு கைதிகளோடு ஆளுநரின் படகிலேயே ஏறி, 69 நாள்களில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடந்து திமோர் தீவை அடைந்தார். கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று அங்கே சொல்லிய கதை நிலைக்காமல் பிடிபட்டனர். மகனும் கணவரும் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தனர். மகள், இங்கிலாந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தாள். 1793-இல் கிடைத்த மன்னிப்பைத் தனியாகத்தான் பெற்றார்.

பதின்மூன்று வயதில் ஆண் வேடத்தில் குதிரை திருடிப் பிடிபட்ட ரீபி 1792-இல் வந்து, ஓர் அதிகாரி வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் அமர்த்தப்பட்டார். 1811-இல் கணவர் இறந்தபின், ஏழு பிள்ளைகளை வளர்த்தபடியே கப்பல் வணிகத்தையும் நடத்தினார். 1817-இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியது அவருடைய கட்டடத்தில்தான். இன்று அவர் உருவம் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறது.

இதைப் பொறுமைக்கும் அவசரத்துக்குமான வேறுபாடாகப் பார்ப்பது நியாயமாகாது. பிரையண்ட் வாழ்ந்தது பசியில் வாடிய குடியேற்றத்தில், ரீபி வளர்ந்ததோ வணிகம் தலையெடுத்துவந்த ஊரில்.