வேலை கொண்டுவந்தது பளபளக்கும் டைல்ஸ் படம் இல்லை

வேலை முடிந்த குளியலறையின் படம் எல்லாக் காண்ட்ராக்டரிடமும் இருக்கிறது. புது டைல்ஸ், புதுக் கண்ணாடி, நல்ல வெளிச்சம். யார் செய்தாலும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒருவரை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலைப் படங்களோடு காட்டும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலை, அது கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே வைத்திருக்கிறேன். பெயர் 2021 இறுதியில் மாறியது. குளியலறை, சமையலறை புதுப்பிப்புதான் என் தொழில். இத்தனை காலத்தில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய சந்தோஷம் ஒன்று: சுவர் மூடுவதற்கு முன் எடுத்த படங்கள்தான் வேலை கொண்டுவருகின்றன.

உடைத்த சுவரில் குழாய் எந்த வழியாகப் போகிறது, மூலையில் நீர்த்தடுப்புப் பூச்சு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, வடிகாலை அடைத்துத் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்ப்பது, இவைதான் அந்தப் படங்கள். பார்க்க அழகாகவே இருக்காது. ஆனால் கூப்பிடுகிறவர்கள் பேசும் பேச்சையே அவை மாற்றிவிட்டன. முன்பெல்லாம் முதல் கேள்வி "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். இப்போது, "எங்கள் வீட்டிலும் அப்படித் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டுவீர்களா?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்கிறவரோடு வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விலைப் பேச்சு அப்புறம் வரும், ஆனால் சண்டையாக வராது.

படம் எடுப்பதற்குப் பெரிய கேமரா வேண்டாம். கூகுள் கேட்பது 720க்கு 720 பிக்சல், அது எந்தப் போனிலும் வரும். லென்ஸைத் துடைத்துவிட்டு, உடைப்பதற்கு முன்பும் நடுவிலும் முடிந்த பிறகும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். குழாய்ப் படத்தில் அளவு நாடாவை நீட்டி வையுங்கள். பின்னால் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் அவருக்கே உதவும். அவரிடம் அனுமதி கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள். கதவு எண்ணோ குடும்பப் படமோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

மற்ற விஷயங்களில் அவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம். பக்கத்தில் தொழிலின் முதன்மை வகையைப் பொதுவாகப் போடாமல், எந்த வேலை அதிகம் வேண்டுமோ அதையே போடுங்கள். கூடுதலாக 9 வகை வரை சேர்க்கலாம். அறிமுகத்துக்கு 750 எழுத்துதான் இடம். அதில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதி வீணாக்காமல், எந்த வேலையை எடுக்க மாட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடை இல்லாதவர்கள் முகவரியை மறைத்து, போய்வரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். தொழில் பெயரோடு ஊரையும் வேலையையும் ஒட்டி நீட்டாதீர்கள், விதிப்படி அது தவறு, பக்கமே முடங்கலாம். "முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று போனில் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு பைசா தராதீர்கள். பொருத்தம், தூரம், பெயர் பரவியிருக்கும் அளவு, இந்த மூன்றையும் வைத்துத்தான் உள்ளூர்த் தேடலில் வரிசை அமைகிறது, அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

சரி, இப்போது என் தீராத எரிச்சல்: விமர்சனம். வேலை முடிந்து கை குலுக்கி, "கண்டிப்பா எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுதுவதில்லை. எழுதினாலும் ஐந்து நட்சத்திரத்தோடு "சூப்பர்" என்று ஒரு சொல். சிலர் அந்த ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அடுத்து வருகிறவருக்குத் தெரிய வேண்டியது, சொன்ன நாளில் ஆள் வந்தாரா, பில் மதிப்பீட்டைத் தாண்டியதா, கசிவு என்று கூப்பிட்டதும் திரும்பி வந்தாரா என்பதுதானே! தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்வதை விதி தடுக்கிறது. திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூடாது. இரண்டும் நியாயமான விதிகள், மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாரக்கணக்கில் தூசியில் நின்று முடித்த வேலைக்கு ஒரு வெற்று நட்சத்திர வரிசை வந்து நிற்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

இதற்கு நான் கண்ட வழி இரண்டு. விமர்சனம் எழுதுவதற்கான இணைப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது, "வேலை தொடங்கும் முன் எதை நினைத்துப் பயந்தீர்கள், அது என்ன ஆயிற்று?" என்று சேர்த்துக் கேட்கிறேன். அப்படிக் கேட்டால் சிலராவது நாலு வரி எழுதுகிறார்கள். வெற்று நட்சத்திரம் வந்தால், என்ன வேலை, எதில் சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை என் பதிலில் எழுதிவிடுகிறேன். அந்தப் பதிலை எல்லோரும் படிக்கலாம்.

மின்வேலை எடுத்துச் செய்யும் நண்பர் ஒருவர் போன வாரம், தானும் பக்கம் தொடங்கலாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். பூச்சுக்கு முன் சுவரில் ஓடும் கான்ட்யூட் (ஒயர் போகும் குழாய்) பாதையோ, எந்த ஸ்விட்ச் எதற்கு என்று பெயர் ஒட்டிய டிஸ்ட்ரிப்யூஷன் போர்டோ (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஒரு படம்கூட அவரிடம் இல்லை. எனக்கு வேலை தருவது இந்தப் பக்கம்தான், விட மாட்டேன். ஆனால் மதிப்பெண் கேட்டால், நேற்றுத்தான் இன்னொரு "சூப்பர்" வந்திருக்கிறது, ஐந்துக்கு மூன்றுக்கு மேல் தர இன்று மனம் வரவில்லை.