இரண்டே கால் கிலோவும் எட்டு வருஷமும்

2017 டிசம்பரில், பறவைகளையும் காட்டு விலங்குகளையும் தூரத்திலிருந்து எடுக்க, நிக்கான் 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸோடு வீட்டுக்கு வந்தேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்த என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இதை யாருங்க சுமக்கப் போறது?" முக்காலியில் பொருத்தும் வளையத்தோடு (டிரைபாட் காலர்) 2,300 கிராம். டி500 கேமராவை மாட்டினால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் உட்கார்ந்து படித்த ஒப்பீடுகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. கேட்டிருக்க வேண்டியது அதைத்தான் என்று விளங்க எனக்கு ஒரு வருஷமும் ஒரு தோள்பட்டை வலியும் தேவைப்பட்டன.

அதற்கு முன் என்னிடம் இருந்தது 70-300 மி.மீ. லென்ஸ். வேடந்தாங்கல் கரையில் நின்று, ஏரிக்குள் இருக்கும் நீர்க்கடம்ப மரத்து நத்தைகுத்தி நாரையை எடுத்தால், நாரை எங்கே என்று வட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். நடுவில் ஆசைப்பட்டு பழைய 300 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏமாந்த கதையும் உண்டு. கடை வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வீட்டில் டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. "எடுத்துட்டுப் போகும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார் கடைக்காரர். நானும் அதற்கு மேல் சண்டை போடவில்லை.

அப்போது என் பட்ஜெட்டில் மூன்று லென்ஸ்கள்தான் இருந்தன: டாம்ரான் 150-600, சிக்மா 150-600 கன்டெம்பரரி, இந்த நிக்கான். முதல் இரண்டும் இரண்டு கிலோவை ஒட்டியவை, எடையும் குறைவு, எட்டும் தூரமும் அதிகம். கேட்டவர்கள் எல்லாரும் "600 இருக்கும்போது 500 எதுக்கு?" என்றார்கள். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பனங்காடை அளவில், சுமார் 30 செ.மீ. இருக்கும் பறவை 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 500-இல் கேமராவுக்குள் படம் விழும் சென்சார் மேல் அதன் பிம்பம் 5 மி.மீ., 600-இல் 6 மி.மீ. டி500-இன் சென்சார் உயரம் 15.7 மி.மீ. ஆக, படத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைக்கும் பறவை இன்னும் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவே. 500-ஐ வைத்துக்கொண்டே ஐந்து மீட்டர் முன்னால் போய்விட்டால் அதே 6 மி.மீ. கிடைத்துவிடும். வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நடக்க முடியாது என்பது உண்மைதான். அங்கே ஓரத்தை வெட்டிக்கொள்கிறேன். 20 மெகாபிக்சலில் அந்த அளவு வெட்டினால் குடி முழுகிப்போகாது.

எனக்குப் பெரிதாகப் பட்டது கடைசி முனை வரைக்கும் எஃப்/5.6 என்பது. இந்த எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும். மற்ற இரண்டும் 600-இல் எஃப்/6.3. மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசம்தான், அதைப் பெரிய லாபம் என்று அளக்க மாட்டேன். ஆனால் வால்பாறையில் மழை விட்ட சாயங்காலம், மரக்கூரைக்குக் கீழே சோலைமந்தியை எடுத்துப் பாருங்கள். கறுத்த முகம், கறுத்த உடம்பு, சுற்றிலும் வெள்ளிப் பிடரி. முகத்தில் கண் தெரியும்படி வெளிச்ச அளவை வைத்தால் பிடரி வெளுத்துப் போகும், பிடரிக்கு வைத்தால் முகமே காணாமல் போகும். ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றிய பிறகும் ஷட்டர் வேகம் 1/250 வினாடியைத் தாண்டாது. அந்த நேரத்தில் கால் காசும் காசுதான். இன்னும் ஒரு ஸ்டாப் வேண்டும் என்றால் 500 எஃப்/4 இருக்கிறது. மூன்று கிலோ, விலை காரை எட்டும். முன் கண்ணாடியின் கணக்கே சொல்லிவிடும்: 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ., 4-ஆல் வகுத்தால் 125 மி.மீ. அந்த அகலக் கண்ணாடிக்குத்தான் காசும் கனமும்.

அதே வால்பாறையில் இன்னொன்றும் புரிந்தது. புதுத்தோட்டம் பக்கம் மந்திகள் சாலைக்கே வந்துவிடும். ஏழெட்டு மீட்டரில் தாயும் குட்டியும் உட்கார்ந்திருக்க, என் பக்கத்தில் நின்றவர் 500 பிரைமை வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போய் தேயிலைச் செடியில் முட்டி நின்றார். நான் 200-க்குத் திருப்பிக்கொண்டேன். காட்டுக்கு ஜூமா பிரைமா என்று யாராவது விவாதம் தொடங்கினால் எனக்கு அந்தத் தேயிலைச் செடிதான் ஞாபகம் வரும். இந்த லென்ஸ் 2.2 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதால், விலங்கு எதுவும் சிக்காத நாளில் பட்டாம்பூச்சி எடுத்துப் பொழுதைப் போக்கலாம்.

கோடியக்கரைக்கு வருகிறேன். வாங்கிய முதல் ஜனவரியில் பூநாரை எடுக்கப் போனேன். காலை பத்தரைக்கு உப்பளத்து வரப்பில் நின்று, தூரத்தில் இளஞ்சிவப்பாய்த் தெரிந்த கூட்டத்தை மதியம் வரை சுட்டுத் தள்ளினேன். ஷட்டர் 1/2000, டிரைபாட், எல்லாம் ஒழுங்கு. லாட்ஜில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடக் கூர்மை இல்லை. பூநாரைகள் நீர்வண்ண ஓவியம் மாதிரி கரைந்திருந்தன. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து இரவு முழுக்க கேமராவில் ஃபோகஸைத் துல்லியப்படுத்தும் ஃபைன்-டியூனைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் நான் முனகியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெயில் ஏறுனா கானல் ஓடும் தம்பி. கண்ணுக்கே ஆடுது, ஒங்க பொட்டிக்கு ஆடாதா? விடியக்காத்தால வாங்க."

அடுத்த நாள் ஆறு மணிக்குப் போனேன். அதே லென்ஸ், அதே தூரம். பறவையின் அலகில் வடியும் தண்ணீர் தெரிந்தது. சூடேறிய தரைக்கு மேலே சூடும் குளிர்ச்சியுமாகக் காற்று கலந்து நெளிகிறது, வெளிச்சம் அதற்குள் வளைந்து வளைந்து வருகிறது. லென்ஸ் நீளமாக ஆக, அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். இதற்கு 600 மருந்தில்லை, 800-உம் இல்லை. வெளிமான்களையும் அதற்குப் பிறகு எட்டரை மணிக்கு மேல் நான் எடுப்பதில்லை. "லென்ஸ் சாஃப்ட்டா இருக்கு" என்று என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதைத்தான். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கையாளுவதில் இது சொகுசான லென்ஸ் இல்லை. 200-இலிருந்து 500-க்குப் போக வளையத்தை ஒரே திருப்பில் திருப்ப முடியாது, நடுவில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். பறக்கும் கூழைக்கடாவைத் தொடரும்போது நான் ஜூமையே தொடுவதில்லை, 400-இல் வைத்துவிட்டு உடம்பைத் திருப்புகிறேன். கிட்டத்தில் தேடி நேரத்தை வீணாக்காமல் இருக்க, ஃபோகஸ் லிமிட்டரை ஆறு மீட்டருக்கு அப்பால் என்று போட்டுவைப்பேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் விஆர் நன்றாகவே பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கையில் பிடித்தே 1/125-இல் எடுத்திருக்கிறேன். 1/1000-க்கு மேல் அதை அணைத்துவிடுவது என் பழக்கம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 டெலிகன்வெர்ட்டர் போட்டால் 700 எஃப்/8 ஆகிவிடும். நல்ல வெயிலில்கூட ஃபோகஸ் தயங்கித் தயங்கித்தான் வந்தது. இரண்டு முறை போட்டேன், பிறகு விற்றுவிட்டேன்.

முதுமலை சஃபாரி வேனில் டிரைபாட் பிரிக்க இடமே இருக்காது. லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைக்கும் பீன் பேக்தான் கதி. காலிப் பையை மடித்து எடுத்துப் போய், மசினகுடியில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன், திரும்பும்போது தங்கிய வீட்டு அடுப்படியிலேயே கொடுத்துவிடலாம். டிரைவர் அண்ணனிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், யானையைப் பார்த்ததும் இன்ஜினை அணைப்பார். இன்ஜின் அதிர்வில் எந்த விஆரும் தோற்றுப்போகும்.

சென்னையில் இருப்பவர்கள் லென்ஸ் விலையோடு ஈரத்துக்கும் காசு ஒதுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அதை வறுத்து வறுத்துப் போடும் வேலை. ஒரு மழைக்காலத்தில் மறந்துபோய், டப்பாவைத் திறந்தால் கறுப்புப் பெல்ட்டில் வெள்ளைப் பூசணம். அன்றைக்கே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி, டிரை கேபினட், ஆர்டர் போட்டேன். 45 சதவீத ஈரப்பதத்தில் ஆறு வருஷமாக இருக்கிறது, உள்ளே பூஞ்சை இல்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தூசி இருக்கிறது. நீண்டு சுருங்கும் எந்த ஜூமும் காற்றை இழுத்து விடும், தூசியும் கூடவே வரும். படத்தில் அது தெரிந்ததே இல்லை.

2023-இல் நிக்கானின் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்களுக்காக வந்த இசட் 180-600 லென்ஸை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, பள்ளிக்கரணையில் ஒரு காலை முழுக்க வைத்திருந்தேன். உள்ளுக்குள்ளேயே நகரும் ஜூம், சின்னத் திருப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடுகிறது. பொறாமையாக இருந்தது. காலரோடு எடை 2,140 கிராம், அதாவது என்னுடையதைவிட 160 கிராம்தான் குறைவு. புதிதாக மிரர்லெஸ்ஸில் தொடங்குபவர் யோசிக்காமல் அதையே வாங்கலாம். நான் மாற வேண்டுமானால் கேமராவையும் சேர்த்து மாற்ற வேண்டும், அந்தக் காசுக்கு வால்பாறைக்குப் பல முறை போய் வரலாம்.

பழைய 200-500 இப்போது செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. பார்க்கப் போகும்போது ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசிக்குப் பயப்பட வேண்டாம், நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வளையத்தை முழுசாக நாலு முறை திருப்பி எங்கேயாவது கரகரக்கிறதா என்று பாருங்கள். 500-இல் எஃப்/5.6-இலேயே, காலை வெயிலில், இருபது மீட்டருக்குள் இருக்கும் சுவரெழுத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசியாக, கேமராவோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவை இரண்டு சுற்று நடங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.