கூட்டத்தில் ஒருவரா, நடிப்பு நோயாளியா?

அம்பாசமுத்திரம் பக்கம் சினிமாப் படப்பிடிப்பு என்றால், கூட்டத்தில் ஒருவராக நடிக்கும் எங்களை ஏற்ற விடியுமுன்பே வேன் வந்துவிடும். சந்தைக் காட்சி ஒன்றில் முருங்கைக்காய்க் கட்டோடு பதினோரு தடவை தெருவைக் கடந்தேன். காய் வாடியதும், முந்தைய காட்சியோடு ஒத்துப்போக வேண்டுமென்று புதுக் கட்டு கொடுத்தார்கள். கேமராவைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கூலி அன்றே கைக்கு வரும், ஆள் சேர்ப்பவரின் பங்கு போக.

மருத்துவ மாணவர்களுக்காக நோயாளியாக நடிப்பது வேறு உழைப்பு. 1963-இல் அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. பாளையங்கோட்டையில் என்னிடம் ஒரு தாளைத் தந்தார்கள்: வலது அடிவயிற்றில் நேற்றிரவிலிருந்து வலி; வாந்தியைப் பற்றிக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். பத்து மாணவர்களிடமும் அதே வலியை அதே சொற்களில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் நியாயமாக இருக்காது. ஒரு மாணவி கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “அமுக்கிப் பார்க்கட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டாள். மற்ற ஒன்பது பேரும் கேட்கவில்லை. அதை அவர்களிடம் சொல்லவும் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

உடனே பணம் வேண்டுபவர் படப்பிடிப்புக்குப் போகலாம். இரண்டு அழைப்பும் ஒரே நாளில் வந்தால் நான் பாளையங்கோட்டைக்குத்தான் பஸ் ஏறுவேன்.