"ஆட்டிசம் பாஸ்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

தீம் பார்க் டிக்கெட்டோடு "ஆட்டிசம் பாஸ்" என்று ஒன்றைச் சேர்த்து, அதற்குத் தனிக்காசு வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். வரிசையிலேயே நிற்க வேண்டாம், நேராகப் போய் ஏறலாம் என்பார்கள். குட்டு உடைவது நுழைவாயிலில்தான். பின்னால் கூட்டம் நெருக்கும், குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும், கவுண்டர் ஊழியர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எங்களுடையது இல்லையே" என்பார். அப்படி இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய விரைவு வரிசை டிக்கெட்டையே பெயர் மாற்றித் தலையில் கட்டியிருப்பார்கள்.

உண்மையான சலுகையை இடையில் ஒருவர் விற்கவே முடியாது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 'டிஸ்எபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்' (வழக்கமான வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கான உதவி) இலவசம். பழைய உதவி அட்டையைப் பலர் தவறாகப் பயன்படுத்தியதால் 2013-இல் இதைக் கொண்டுவந்தார்கள்; 2024-இல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். சலுகை கேட்பவர் வீடியோ அழைப்பில் ஊழியரிடம் பேச வேண்டும், குழந்தையும் உடன் இருக்க வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள்ளேயே விடமாட்டார்கள். யுனிவர்சலின் அமெரிக்கப் பூங்காக்களில் இதற்கென்று ஒரு அணுகல் அட்டை உண்டு. போவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே இணையத்தில் பதிய வேண்டும். மற்ற பூங்காக்களில் என்ன நடைமுறை என்று அந்தப் பூங்காவிடமே கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல.

இன்னொன்று: சலுகை கிடைத்தாலும் காத்திருப்பு ஒழியாது. பெரும்பாலும் நடப்பது இதுதான். ரைடுக்கு 60 நிமிட வரிசை என்றால், கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி ஒரு நேரம் கொடுப்பார்கள். வரிசைக்கு வெளியே நிழலில் காத்திருக்கலாம், அவ்வளவுதான். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. "உடனே ஏறலாம்" என்று குழந்தையிடம் சொல்லிக் கூட்டிப்போனால் அங்கேயே உடைந்துபோகும். டைமர் வைத்து 2 நிமிடம், 5, 10 என்று பல நாள் முன்பிருந்தே வீட்டில் பழக்குங்கள். அன்று என்னென்ன செய்யப்போகிறோம் என்று காட்டும் படங்களால் ஆன அட்டவணையில் 'இன்று மூடியிருக்கிறது' என்றும் ஒரு அட்டை இருக்கட்டும். ஆசைப்பட்ட ரைடு பழுதாகி நிற்கும் நாளில் அது இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

"ஆட்டிசத்துக்கு உகந்த பூங்கா" என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆட்டிசம் மையம் என்று சான்று பெற்ற முதல் தீம் பார்க் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ், 2018-இல். சான்று என்பது முக்கியமாக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு. சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பதற்கு அல்ல. பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: அமைதி அறை எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும், உணவும் இயர்மஃபும் (சத்தத்தைக் குறைக்கும் காது மூடி) உள்ளே கொண்டுவரலாமா, பாதியில் வெளியேறினால் அன்றே திரும்பி நுழைய முடியுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த டிக்கெட் வேண்டாம். பாதி நாளில் தங்கியிருக்கும் அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து வர முடிவதுதான் பல குழந்தைகளுக்கு எந்தப் பாஸையும் விடப் பெரிய உதவி.

விற்பவர்கள் வாய் திறக்காத சில்லறை விஷயங்களும் உண்டு. கையில் நுழைவுப் பட்டை கட்டினால் பிய்த்து எறியும் குழந்தை என்றால், அதைப் பையிலோ பெல்ட்டிலோ மாட்டலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வேக ரைடுகளில் இயர்மஃபைக் கழற்றச் சொல்வார்கள், கழன்று பறந்து அடுத்தவர் மேல் விழும் என்பதால். இயர்மஃப் இருக்கிறதே என்று நம்பி அந்த ரைடைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். தானாகத் தண்ணீர் பாயும் கழிப்பறையின் சென்சார் மேல் ஒட்டும் குறிப்புத்தாள் ஒன்றை ஒட்டினால், குழந்தை உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று இரையாது. காலையிலேயே அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். குழந்தை கண் மறைந்தால் முதலில் ஓடிப் பார்க்க வேண்டியது தண்ணீர் இருக்கும் இடங்களை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள். விளம்பரத்தையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், "இது செல்லாது" என்று பூங்காவிடம் ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். கார்டில் கட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்து உடனே வங்கியில் புகார் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.