வார்டு தேர்தலுக்குப் பெயர் சேர்ப்பதும் ஓட்டுப் போடுவதும்: எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை

முதலில் படிவ எண்ணைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல்தான் பாதிப் பேர் அலைகிறார்கள். வாக்காளர் பட்டியலில் முதன்முறையாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியிருந்தால், பெயரிலோ வயதிலோ பிழை இருந்தால், அட்டை தொலைந்திருந்தால் படிவம் 8. முன்பு தொகுதி விட்டுத் தொகுதி போனால் மறுபடியும் 6, தொகுதிக்குள்ளேயே மாறினால் 8ஏ என்று தனித்தனியாகக் குழப்பும். 2022 ஆகஸ்ட் முதல் எல்லா மாற்றத்துக்கும் 8 ஒன்றே போதும். இந்தச் சேவையில் நடந்த மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

"அது சட்டமன்றத் தேர்தலுக்குத்தானே, மாநகராட்சித் தேர்தலுக்கு எங்கே பதிவு செய்வது?" என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கென்று தனிப் பதிவு கிடையாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது இந்தியத் தேர்தல் ஆணையத்திலிருந்து வேறானது. ஆனால் பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது, சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஆகவே அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் பழைய முகவரியில் கிடந்தால் பழைய வார்டில்தான் ஓட்டு. இப்போது குடியிருக்கும் தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தால் நீங்கள் போய்க் கேட்க வேண்டிய கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்ததில் உங்களுக்குப் பங்கே இருக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். குப்பை வண்டி, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று தினமும் நாம் திட்டுவதெல்லாம் இந்தத் தேர்தலில் ஜெயிக்கிறவர்கள் கையில் இருக்கும் வேலைகள்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். 2023இல் வேறு வார்டுக்கு வீடு மாறினோம். படிவம் 8ஐ போனிலேயே போட்டேன், மொத்தமாக இருபது நிமிடம் ஆகியிருக்கும், அதிலும் பாதி நேரம் முகவரிச் சான்றைப் படம் எடுத்துச் சின்னதாக்கி ஏற்றுவதற்குப் போயிற்று. முடிந்ததும் ஒரு எண் வரும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். முகவரிக்கு ஆதார், பாஸ்போர்ட், வங்கிப் பாஸ்புக், மின்சார ரசீது, கேஸ் இணைப்பு ரசீது இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோடு வெறும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது செல்லாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார், எங்கள் பகுதிக்கு ஒரு அங்கன்வாடிப் பணியாளர்தான் அந்த வேலையைப் பார்க்கிறார். மத்தியான வெயிலில் மூன்று மாடி ஏறி வந்து, வாசல்படியிலேயே உட்கார்ந்து, மடியில் வைத்த தாளில் எங்கள் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். "பழைய வீட்டுல யாரும் இல்லையாங்க, எல்லாரும் இங்க மாறிட்டீங்கதானே?" என்று இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தன் வழக்கமான வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர்கள் இவர்கள். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த அம்மாவுக்குத்தான். புதிய அட்டை தபாலில் வந்தது. பதிவுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன்.

அந்த அரை ஏன் குறைந்தது என்றால், பெயர்ப் பிழை. சித்தி போனில் போடத் தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தார். அங்கே ஆங்கிலத்தில் தட்டினார்கள், அது தானாகத் தமிழாக மாறியபோது பெயரில் 'ழி' வர வேண்டிய இடத்தில் 'லி' வந்துவிட்டது. யாரும் திரும்பிப் படிக்கவில்லை, அப்படியே அட்டையும் அச்சாகி வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "நாப்பது வருஷமா என் பேரு இதுதான், இது யாரு பேரு?" என்று சித்தி கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. சின்ன எழுத்துப் பிழைக்கு ஓட்டுப் போட விடாமல் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றாலும், நாளைக்கு வேறொரு ஆவணத்துக்கு இதையே சான்றாகக் கொடுக்கும்போது இழுத்தடிக்கும். தமிழ்ப் பெயர் வரும் கட்டத்தை நீங்களே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள், அப்பா அல்லது கணவர் பெயரையும் சேர்த்து. ழ, ள, ல, ண, ன, ற எல்லாம் அங்கேதான் கவிழும்.

அப்புறம் ஓட்டுப் போடும் நாள். இதில் எனக்கு நிறையக் குறை உண்டு. 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சி, 138 நகராட்சி, பேரூராட்சிகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2011 அக்டோபரில் நடந்தது. நடுவில் பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டதால் நடைமுறையே பலருக்கு மறந்துபோயிருந்தது. சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கு நானும் காலையிலேயே போய் நின்றேன். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். எங்கள் தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு, எங்கள் வார்டுக்குச் சாவடி வேறு பள்ளி. வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்தான் தன் பட்டியலைப் புரட்டிப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் "சரி, இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கே திரும்பிவிட்டார். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, அந்த ஒரு ஓட்டைக் காப்பாற்ற ஒரு வழிகாட்டிப் பலகை போதுமாக இருந்திருக்கும். சில இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடிகளும் இருந்தன, கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் நின்று பிறகு பிரிந்து ஓடியதையும் பார்த்தேன். சாவடியைக் கண்டுபிடிக்கும் வசதிக்கு ஐந்துக்கு இரண்டு.

உள்ளே போனபின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயரைச் சத்தமாகப் படிப்பார்கள், முகவர்கள் தங்கள் தாளில் டிக் அடிப்பார்கள், இடது ஆள்காட்டி விரலில் மை, கையெழுத்து, பிறகு இயந்திரம். எனக்கு அடுத்து வந்த ஒரு பாட்டி "மேயருக்கு எந்தப் பொத்தான்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, 2011இல் மேயருக்கும் கவுன்சிலருக்கும் தனித்தனியாக ஓட்டுப் போட்டவர்கள் நாம். 2022இல் கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டு, மேயரை மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கிராம ஊராட்சியில் நாலு பதவிக்கு நாலு நிறத்தில் வாக்குச்சீட்டு வரும், நகரத்தில் ஒரே ஒரு பொத்தான். இன்னொன்று, நோட்டா இதில் இல்லை. யாரையும் பிடிக்காதவர்களுக்கு நேராக ஒரு பொத்தான் இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து, சட்டமன்றத்தில் இருப்பது வார்டில் ஏன் இருக்கக் கூடாது?

அன்றைக்கு மாநிலம் முழுக்கச் சுமார் 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், சென்னையில் 43 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். சென்னையில் மட்டும் 200 வார்டு. எல்லாருமே சோம்பேறித்தனத்தால் வராமல் போனார்கள் என்று நான் நம்பவில்லை. பெயர் பழைய முகவரியில் கிடந்தவர்களும் அந்தப் பெரியவரைப் போல வரிசையிலிருந்து திரும்பியவர்களும் அதில் இருப்பார்கள்.

அட்டை பற்றி ஒரு விஷயம். ஓட்டர் ஐடி கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையால் பயனில்லை, பெயர் இருந்தால் அட்டை இல்லாவிட்டாலும் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற ஒன்றைக் காட்டிப் போடலாம். பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் அடையாளமாக ஏற்கமாட்டார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலை முழுதாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிய பிறகு லட்சக்கணக்கான பெயர்கள் பட்டியலை விட்டுப் போயிருக்கின்றன. போன தேர்தலில் போட்டோமே என்று இருக்காமல் அட்டை எண்ணை இந்தியத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் 1950க்குப் போன் செய்து கேளுங்கள்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து வருடம் 2027 மார்ச்சோடு முடிகிறது. 17 வயது முடிந்தவர்கள் இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைவது எதில் வருகிறதோ அதில் சேர்த்துக்கொள்வார்கள். அண்ணன் மகளுக்கு அப்படித்தான் போன வாரம் படிவம் 6 போட்டோம். தமிழ்ப் பெயர்க் கட்டத்தை அவளே மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.